அரியர் வச்சவனுக்கு ஒரு புத்தக அலமாரி

மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னைக்கு நான் ஊர்ல இருந்தேன். ஊர் புன்னக்காயல். தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற வழியில ஆத்தூர்ல திரும்பி கிழக்கே போனா, தாமிரபரணி கடல்ல போய் விழுற இடம். போனில் ரிசல்ட் பக்கம் திறக்க கால்மணி நேரம் ஆச்சு. திறக்காமலே இருந்திருக்கலாம். முதல் இரண்டு செமஸ்டர் கணக்குப் பேப்பரும் ஏற்கெனவே நிலுவை. இப்போ மூணாவதும் சேர்ந்தாச்சு.

அப்பா வாசல்ல உட்கார்ந்து கிழிஞ்ச வலையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தார். "படிப்பை விட்டுட்டு வள்ளத்துக்கு வந்துரட்டுமாப்பா"ன்னு கேட்டேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவர் நிமிர்ந்து பார்க்கல. "எலே, கணக்கு ஒனக்குப் புரியலையா, பிடிக்கலையா? ரெண்டும் வேற வேறல்லா"ன்னு மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியல. நேர்மையா யோசிச்சா, பிடிச்சதா பிடிக்கலையான்னு முடிவு பண்ற அளவுக்கு நான் கணக்கோட பழகவே இல்லை. கைடுல ஐந்து மாடல் கணக்கு, யூனிட்டுக்கு ரெண்டு முக்கியக் கேள்வி, அவ்வளவுதான் எங்க உறவு. உங்கள்ல பாதிப் பேருக்கும் இதே கதைதான்னு தெரியும். பரீட்சைக்கு இல்லாம, சும்மா ருசிக்காக வாசிக்கிற கணக்கு, இயற்பியல், கம்ப்யூட்டர் புத்தகங்களைப் பத்தி அதனாலதான் எழுதுறேன். எது நல்லா இருக்கு, எங்கே கிடைக்கும், எதைத் தள்ளி வைக்கலாம், எல்லாம் ஒரு வருஷம் தேடி அலைஞ்சு சேர்த்தது.

முதல்ல ஊர்ப் பெருமை கொஞ்சம் சொல்லிக்கிறேன், பொறுத்துக்கோங்க. தமிழ் எழுத்துல இந்தியாவில அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்', 1578இல் கொல்லத்தில் வந்தது. பதினாறே பக்கம். அதை உருவாக்கிய போர்ச்சுகீசியர் அண்ட்ரிக் அடிகளார் பல வருஷம் தங்கியிருந்தது எங்க ஊர்லதான். 1586இல் அவருடைய 'அடியார் வரலாறு' வந்தது, அது அறுநூறு பக்கத்துக்கும் மேலே. புன்னக்காயலில் அச்சானதாகத்தான் பெரும்பாலும் சொல்றாங்க. கடற்கரை மக்கள் அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்காங்க. எனக்கு அதில் சுவாரசியம் என்னன்னா, அந்தப் பெரிய புத்தகம் இலக்கணமோ பாடமோ இல்லை. வாழ்க்கைக் கதைகள். மீன் பிடிக்கிற ஜனங்க கையில கொடுக்கணும்னா கதையாத்தான் கொடுக்கணும்னு அந்த மனுஷனுக்கு 440 வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எங்க கணக்குப் பாடத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்தவங்களுக்குத் தெரியல.

ஆற்றோடு அப்படியே மேற்கே போனா ஏரல் தாண்டி, ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்னாடி பெருங்குளம்னு ஒரு ஊர். நவதிருப்பதி பார்க்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1891இல் அங்கே பிறந்தவர் பெ.நா. அப்புஸ்வாமி. தொழில் வக்கீல். ஆனா 1917இல் தொடங்கி 1986இல் இறக்கும் வரை, கிட்டத்தட்ட எழுபது வருஷம், தமிழில் அறிவியல் எழுதிக்கிட்டே இருந்தார். 'அற்புத உலகம்', 'மின்சாரத்தின் கதை', 'வானொலியும் ஒலிபரப்பும்' இப்படி நிறைய. அறிவியல்னாலே இங்கிலீஷ்ல மட்டும்தான் சொல்ல முடியும்னு படிச்சவங்களே நம்பின காலம் அது. கோர்ட்டுல வாதாடுற ஆளுக்கு ஒரு வசதி உண்டு: எதிரே இருக்கிறவருக்கு விஷயம் தெரியாதுன்னு வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிப்பார். அப்புஸ்வாமி எழுத்துல அந்தப் பழக்கம் தெரியுது. படிப்படியா கூட்டிக்கிட்டுப் போவார், அவசரமே இருக்காது.

குறை சொல்லணும்னா, நடை பழசு. இன்னைக்கு நாம பயன்படுத்தாத கலைச்சொற்கள் வரும், சமஸ்கிருதச் சொல் நிறைய வரும். இருபது பக்கம் தாண்டினா பழகிடும். தகவலும் சில இடத்துல பழசாகி இருக்கும். அதனால இதை நான் புது விஷயம் கத்துக்க வாசிக்கல. கரண்டு, ரேடியோ அலைன்னு எதையும் நம்ம பாஷையில யோசிக்க முடியும்னு ஒரு தைரியம் வருதே, அதுக்காக வாசிச்சேன். நெட்வொர்க் தியரி வகுப்புல பாதி நேரம் நான் இங்கிலீஷோடதான் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன், சர்க்யூட்டோட இல்லைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. தமிழ் மின்னூலகம் இணையதளத்துல அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்க.

சரி, அடுத்தவர்தான் என்னைக் காப்பாத்தினவர். யா. பெரெல்மான். ரஷ்யாக்காரர். படிச்சது வனவியல், எழுதினது எல்லாம் இயற்பியலும் கணக்கும். அவரோட 'பொழுதுபோக்கு பௌதிகம்' ரஷ்ய மொழியில 1913இல் வந்தது. மாஸ்கோவின் மிர் பதிப்பகம் தமிழில் ரெண்டு பாகமாப் போட்டது. நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியா இங்கே மலிவு விலைக்கு வித்தாங்க. உங்க மாமா, சித்தப்பா யாராவது எண்பதுகளில் படிச்சவங்களா இருந்தா பரணில் ஒரு பிரதி இருக்க வாய்ப்பிருக்கு, கேட்டுப் பாருங்க. எனக்குக் கிடைச்சதும் அப்படித்தான். அட்டை போய், கரையான் ஓரத்தைத் தின்னு, நடுவுல நாலு பக்கம் இல்லாம.

பெரெல்மான் உங்களுக்குப் பாடம் எடுக்க மாட்டார். கேள்வி கேட்பார். பறக்கிற விமானத்துல இருந்து கையை நீட்டி துப்பாக்கிக் குண்டைப் பிடிக்க முடியுமா? காகிதப் பாத்திரத்துல தண்ணி கொதிக்க வைக்கலாமா? வேல்ஸ் எழுதின நாவல்ல ஒருத்தன் கண்ணுக்குத் தெரியாதவனா ஆகிடுறானே, அவனுக்குக் கண் தெரியுமா? கடைசிக் கேள்வியை மட்டும் சொல்றேன். ஒளி உள்ளே வளைஞ்சு பிம்பம் விழுந்தாத்தான் கண்ணு பார்க்கும். முழுக்க ஒளி ஊடுருவுற கண்ணுல ஒளி வளையவும் செய்யாது, விழவும் செய்யாது. ஆக, மாயமனிதன் குருடன். பத்தாம் வகுப்புல ஒளிவிலகல் படிச்சப்போ இதை யாராவது சொல்லியிருந்தா நான் இன்னொரு ஆளா இருந்திருப்பேன்.

சாக்கடல்ல மனுஷன் ஏன் மூழ்க மாட்டான்னு ஒரு பகுதி வரும். உப்பு கூடக்கூட தண்ணியோட அடர்த்தி கூடும், மிதக்க வைக்கிற விசை கூடும். அதை வாசிச்சுட்டு முகத்துவாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல தண்ணி லிட்டருக்கு 1000 கிராம்னா கடல் தண்ணி ஏறக்குறைய 1025 கிராம். ஒரு மீட்டர் ஆழம் தண்ணியில முங்கி நிக்கிற ஒரு பெட்டி மாதிரி படகு, ஆத்துத் தண்ணியில இருந்து கடல் தண்ணிக்கு வந்தா எவ்வளவு மேலே வரும்? 1000ஐ 1025ஆல வகுத்தா 0.976. அப்போ சுமார் ரெண்டரை சென்டிமீட்டர் எழும்பணும். இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அப்பாகிட்ட போய்ச் சொன்னேன். "மழைக்காலத்துல ஆத்துல வெள்ளம் வந்தா வள்ளம் கொஞ்சம் தாழ்ந்துதான் கெடக்கும், அதுக்கு எதுக்குலே புஸ்தகம்"னார். ஆனா ராத்திரி சாப்பிடும்போது, "எத்தனை சென்டின்னு சொன்ன?"ன்னு மறுபடி கேட்டார்.

பெரெல்மான் 1942இல், லெனின்கிராட் முற்றுகையில பட்டினியால செத்துப்போனார். அந்தப் புத்தகத்துல இருக்கிற விளையாட்டுத்தனத்தையும் இந்தச் சாவையும் என்னால ஒட்ட வைக்க முடியல. அவரோட கணக்குப் புத்தகங்கள், வானவியல் புத்தகம் எல்லாம் இங்கிலீஷ்ல இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்குது.

கணக்குக்கு வருவோம். ராமானுஜனை மாத்தின புத்தகம் எது தெரியுமா? கார்ங்கிறவர் எழுதின ஒரு தொகுப்பு. 1903 வாக்கில கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகப் பிரதி ஒண்ணு, வீட்டுக்குத் தெரிஞ்ச காலேஜ் பையன்கள் மூலமா அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் வரிசையா அடுக்கி வச்சிருக்கும், நிரூபணம் ஒரு வரியில இருந்தா அதிசயம். கார் லண்டன்ல கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு டியூஷன் எடுத்தவர். அதாவது அது ஒரு கைடு! நாம ஜெராக்ஸ் கடையில வாங்குற கைடுக்குத் தாத்தா. அதுல இருந்த ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒரு புதிராக எடுத்துக்கிட்டு அவரே நிரூபிச்சுப் பார்த்தார். இதைச் சொல்லி உங்க கைடுகளை நியாயப்படுத்தாதீங்க. அவர் ராமானுஜன். அதோட, அந்தக் கிறுக்குல மத்த பாடமெல்லாம் போய், ஸ்காலர்ஷிப்பை இழந்து, எஃப்.ஏ. பரீட்சையில தோத்தார்ங்கிறதையும் சேர்த்தே நினைவு வச்சுக்கோங்க. ராபர்ட் கானிகெல் 1991இல் எழுதின ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றுல இதெல்லாம் விரிவா வரும். கணக்கே தெரியாம வாசிக்கலாம். கும்பகோணம் தெரு, சாரங்கபாணி சன்னதி வீடு, போர்ட் டிரஸ்ட் ஆபீஸ், கேம்பிரிட்ஜ் குளிர் எல்லாம் கண்ணு முன்னாடி நிக்கும். படத்தைப் பார்த்துட்டோம்னு விட்டுடாதீங்க, படம் அதுல பத்துல ஒரு பங்கு.

நம்ம ஆத்துப் பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கார், யாரும் பேசுறதில்லை. எஸ்.எஸ். பிள்ளை, முழுப்பேர் சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் குற்றாலம் பக்கம் வல்லத்துல பிறந்தார், அன்னைக்கு அது திருநெல்வேலி ஜில்லா. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னாடியே அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்லை. பள்ளி ஆசிரியர் ஒருத்தர்தான் கைதூக்கி விட்டார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல வேலை பார்த்தார். அவர் பிடிச்ச கணக்கு இது: எந்த எண்ணையும் வர்க்கங்களோட கூட்டலா எழுதணும்னா அதிகபட்சம் எத்தனை வர்க்கம் வேணும்? நாலு போதும். கனங்கள்னா ஒன்பது. உதாரணத்துக்கு 23ஐ எடுங்க. 27 பெரிசு, உள்ளே வராது. ஆக 8, 8, மிச்சம் ஏழு ஒண்ணு. மொத்தம் ஒன்பது, அதுக்குக் குறைச்சலா முடியாது.

இப்போ ஆறாம் அடுக்குக்கு? ஒரு பேப்பர் எடுத்து 703ஐப் போட்டுப் பாருங்க. 3இன் ஆறாம் அடுக்கு 729, அது பெரிசு. 2இன் ஆறாம் அடுக்கு 64. பத்து 64 போட்டா 640. மிச்சம் 63, எல்லாம் ஒண்ணா. 10 கூட்டல் 63, மொத்தம் 73. குறைஞ்சது 73 வேணும்னு காட்ட இது போதும். இது யாரும் காட்டலாம். ஆனா எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும் 73க்கு மேல தேவைப்படாதுன்னு காட்டணுமே? அதை 1940இல் பிள்ளை நிரூபிச்சார். நாலாம் அடுக்குக்கு 19தான்னு முடிவானது 1986இல்தான், அந்த மூணு பேர்ல ஒருத்தர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தோட ஆர். பாலசுப்பிரமணியன். 1950 ஆகஸ்டுல பிள்ளை அமெரிக்கா கிளம்பினார், போற வழியில கெய்ரோ பக்கம் விமானம் விழுந்து இறந்துபோனார். நாற்பத்தொன்பது வயசு.

இதை இவ்வளவு நீட்டிச் சொன்னதுக்குக் காரணம் உண்டு. நீங்க மேலே 703ஐப் போட்டுப் பார்த்தீங்களா, இல்லை கண்ணாலயே தாண்டி வந்துட்டீங்களா? தாண்டி வந்திருந்தா திரும்பப் போங்க. கணக்குப் புத்தகத்தைக் கதைப்புத்தகம் வேகத்துல வாசிச்சா ருசியே தெரியாது. பென்சிலோட உட்காரணும். ஒரு நாளைக்கு மூணு பக்கம் போதும். எனக்கு இந்தப் பழக்கம் வந்தது சில்வானஸ் தாம்சன் 1910இல் எழுதின 'கால்குலஸ் மேட் ஈசி' மூலமா. முதல் பதிப்புல அவர் தன் பேரைக்கூடப் போடல. கால்குலஸை இவ்வளவு சுலபமாச் சொன்னா மத்த பேராசிரியர்கள் அடிக்க வருவாங்கன்னு பயந்திருப்பாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். புத்தகத்தோட குறும்பைப் பார்த்தா அப்படித்தான் தோணுது. காப்புரிமை முடிஞ்சது, கூட்டன்பர்க் தளத்துல இலவசம். 'டிஎக்ஸ்'ங்கிறதுக்கு எக்ஸ்ல ஒரு துளின்னு அர்த்தம், அவ்வளவுதான்னு அவர் சொல்லும்போது, மூணு செமஸ்டரா என்னத்தைக் கண்டு பயந்தேன்னு எனக்கே கோபம் வந்துச்சு. ஜெயந்த் நார்லிகரும் மங்களா நார்லிகரும் சேர்ந்து எழுதின 'ஃபன் அண்ட் ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸ்' இன்னும் எளிசு. ஸ்கூல் படிக்கிற தம்பி தங்கச்சிக்கும் கொடுக்கலாம்.

கம்ப்யூட்டர் பக்கம் ஒரு சிக்கல். அங்கே புத்தகம் சீக்கிரம் செத்துப்போகும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்த ஃப்ரேம்வொர்க் புத்தகத்தை இன்னைக்கு எடைக்குத்தான் போடணும். சாகாதது அடிப்படை சொல்ற புத்தகம். சார்லஸ் பெட்சோல்டு எழுதின 'கோட்' அப்படிப்பட்டது. 1999இல் வந்தது, 2022இல் புதுப் பதிப்பும் வந்தாச்சு. ராத்திரி வீட்டுல தூங்காம, எதிர்வீட்டு நண்பனோட டார்ச் லைட்டுல பேசிக்கிறதுல ஆரம்பிக்கும். அங்கிருந்து மோர்ஸ், பிரெயில், தந்தி ரிலே, லாஜிக் கேட், ஆடர், மெமரின்னு ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி கடைசியில ஒரு கம்ப்யூட்டரையே கட்டிடுவார். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ்ல மனப்பாடம் பண்ணின ஃபிளிப் ஃபிளாப் எதுக்குன்னு எனக்கு இதுலதான் தெரிஞ்சுது. தமிழ்ல சுஜாதா இருக்கவே இருக்கார். பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல வேலை பார்த்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு உழைச்சவர். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி', 'ஏன் எதற்கு எப்படி' ரெண்டும் வாசிச்சுப் பாருங்க. தகவல் பழசாகியிருக்கும், கிண்டல் பழசாகல. நிரல் எழுத ஆரம்பிக்கிறவங்களுக்கு கணியம் தளத்துல 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்கள் இலவசமா இருக்கு.

எங்கே தேடுறது? காசு கொடுத்து வாங்கத் தொடங்காதீங்க. நூலகத்துல தொடங்குங்க. நம்ம காலேஜ் லைப்ரரியில செமஸ்டர் புத்தகம் இருக்கிற அலமாரியைத் தாண்டி உள்ளே யாரும் போறதில்லை. டூயி எண் முறை வச்சிருக்கிற நூலகத்துல கணக்கு 510, இயற்பியல் 530. இதெல்லாம் தெரிஞ்சதுதான். தெரியாதது 793.74. அது விளையாட்டுப் பிரிவுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், கணக்குப் புதிர்களுக்கான எண். மார்ட்டின் கார்ட்னர் மாதிரி ஆட்கள் அங்கேதான் இருப்பாங்க. பழைய நூலகங்கள் சிலதுல எண்ணுக்குப் பதிலா எழுத்து இருக்கும். 'பி'ன்னா கணக்கு, 'சி'ன்னா இயற்பியல். அந்த முறையை உருவாக்கினவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவரே கணக்கு வாத்தியார்தான். மாநிலக் கல்லூரியில கணக்கு சொல்லிக் கொடுத்துட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகன் எங்கேயோ இருக்கான்னு விதியாவே எழுதி வச்ச மனுஷன்.

காலேஜ் லைப்ரரியில இல்லைன்னா பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம். மதுரைப் பக்கம் போனா 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே ஒரு நாள் முழுக்க உட்காரலாம். பொருநை புத்தகத் திருவிழாவுல பழைய பதிப்பு விக்கிற ஸ்டால்களை விட்டுடாதீங்க. ஃபைன்மனோட இயற்பியல் விரிவுரைகள் மூணு பாகமும் கால்டெக் தளத்துல இலவசமா வாசிக்கக் கிடைக்குது. முதல் பாகம் மட்டும் எடுங்க, அதுவும் முதல் ஆறு பாடம் போதும்.

தள்ளி வைக்க வேண்டியது? ஹாஃப்ஸ்டாட்டரோட 'கோடல், எஷர், பாக்' எல்லாப் பட்டியல்லயும் முதல்ல இருக்கும். நான் அறுபதாம் பக்கத்துல நின்னுட்டேன். வெட்கமில்லை, ஃபைனல் இயர்ல மறுபடி பார்க்கலாம். ஸ்டீபன் ஹாக்கிங்கோட காலம் பத்தின புத்தகமும் அப்படித்தான். எல்லார் வீட்டு ஷோகேஸ்லயும் இருக்கும், முடிச்சவங்க குறைவு. நான் வச்சிருக்கிற அளவுகோல் இருபது பக்கம். இருபது பக்கத்துல ஒரு தடவையாவது பக்கத்து ஆளைக் கூப்பிட்டு "இதைக் கேளுடா"ன்னு சொல்லத் தோணலைன்னா மூடி வச்சுட்டு அதே விஷயத்தை வேற ஒருத்தர் எழுதினதைத் தேடுவேன். ஒரே விஷயத்துக்கு மூணு புத்தகம் பார்த்தா ஒண்ணாவது நம்ம பாஷையில பேசும்.

அரியர் என்னாச்சுன்னு கேப்பீங்க. ரெண்டு க்ளியர். அதையும் பெரெல்மான் முடிச்சுக் கொடுக்கல. பழைய கேள்வித்தாளும் கைடும்தான் முடிச்சுக் கொடுத்தது, பொய் சொல்ல மாட்டேன். மூணாவதுக்கு நவம்பர்ல எழுதணும். ஆனா இந்தத் தடவை ஃபூரியர் தொடரை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யாரும் சொல்லாம போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பா கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன்: பிடிச்சிருக்கு, பாதிதான் புரியுது.

என் பெரெல்மான் இப்போ மெக்கானிக்கல் செகண்ட் இயர் பையன் ஒருத்தன்கிட்ட இருக்கு. அடுத்து வேணும்னா அவன்கிட்ட வரிசையில நில்லுங்க. காணாமப்போன நாலு பக்கம் உங்க வீட்டுப் பிரதியில இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. ஏழாம் அடுக்குக்கு எத்தனை வேணும்னு 703 மாதிரியே ஒரு எண்ணைக் கண்டுபிடிச்சு அனுப்புறவங்களுக்கு கேன்டீன்ல டீ என் செலவு. ஒரு குறிப்பு: 2187க்குக் கொஞ்சம் கீழே தேடுங்க.